கி.மு.வா, பொ.ஆ.மு.வா? சண்டை லேபிளுக்கு, தப்பு நடப்பது கணக்கில்

2025 ஜனவரி 23. 'இரும்பின் தொன்மை' ஆய்வறிக்கையைச் சென்னையில் முதல்வர் மு.க. ஸ்டாலின் வெளியிட்டார். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் எடுத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிப் போகிறது என்பதுதான் அதில் எல்லோரும் பேசிய விஷயம். மேடையில் அதே தகவல் "5,300 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் நிலத்தில் இரும்பு" என்ற வடிவத்தில் வந்தது. இரண்டும் ஒன்றுதான். 3345-உடன் 2025-ஐக் கூட்டி ஒன்றைக் கழித்தால் 5,369 வரும். அதைக் கீழ்நோக்கி முழு எண்ணாக்கினால் 5,300.

இப்படி ஒரே தகவலுக்கு இரண்டு எண்கள் புழங்கும்போதுதான் விபத்து நடக்கிறது. "கி.மு. 3345" என்பதில் 'கி.மு.' விழுந்துவிட்டால் "3,345 ஆண்டுகள் பழமையான இரும்பு" ஆகிவிடும். இரண்டாயிரம் வருஷம் காலி. "5,300 ஆண்டுகள்" என்பதற்கு முன்னால் யாராவது ஒரு 'கி.மு.' ஒட்டினால் இரண்டாயிரம் வருஷம் போனஸ். போன் திரையில் ஒரு கார்டாகப் பார்க்கும்போது மூன்று வடிவங்களும் ஒரே அளவுக்கு நம்பும்படிதான் இருக்கும். ஃபேமிலி குரூப்பில் ஃபார்வர்டு ஆன பிறகு யாரும் கால்குலேட்டரை எடுக்கப் போவதில்லை.

ஆனால் காலக்குறி பற்றிப் பேச்சு எழுந்தாலே, விவாதம் நேராக வேறு பக்கம் போய்விடுகிறது: கி.மு. என்று எழுதலாமா, பொ.ஆ.மு. என்று எழுத வேண்டுமா? கிறிஸ்துவை ஏன் அளவுகோலாக வைக்க வேண்டும்? ஏன் எடுக்க வேண்டும்? அந்தக் கேள்விகளும் முக்கியம்தான். ஆனால் வாசகரை ஏமாற்றுவது லேபிள் இல்லை.

லேபிள் சண்டையின் கதை

முதலில் அதை முடித்துவிடலாம். கிறிஸ்து பிறப்பிலிருந்து ஆண்டுகளை எண்ணும் முறையை 525-ல் ரோமில் இருந்த டயனீசியஸ் எக்சிகூஸ் என்ற துறவி தொடங்கினார். ஈஸ்டர் தேதிகளைக் கணக்கிட ஓர் அட்டவணை போட்டபோது உருவான முறை இது. அவர் போட்ட கணக்கே கொஞ்சம் பிசகு. இயேசு பிறந்தபோது ஆண்ட மன்னனாக பைபிள் சொல்லும் ஏரோது கி.மு. 4-ல் இறந்துவிட்டான் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்து. அப்படியானால் கிறிஸ்துவே 'கிறிஸ்துவுக்கு முன்' பிறந்தவராகிறார்!

ஆங்கிலத்தில் ஏ.டி. என்பது 'அன்னோ டொமினி' என்ற லத்தீன் தொடரின் சுருக்கம். பொருள், 'ஆண்டவரின் ஆண்டில்'. 'ஆஃப்டர் டெத்' என்று பள்ளியில் யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் மறந்துவிடுங்கள். அப்படி இருந்தால் இயேசு வாழ்ந்த முப்பது சொச்சம் வருஷம் எந்தக் கணக்கிலும் வராமல் போய்விடும். 'ஆண்டவரின் ஆண்டு' என்று எழுதினால் அந்த நம்பிக்கையை ஏற்றுக்கொண்டதாக ஆகிறதே என்பதுதான் மற்ற மதத்தவரின் சங்கடம். யூத அறிஞர்கள் 19-ம் நூற்றாண்டிலேயே சி.இ., அதாவது 'காமன் இரா' என்பதைப் பயன்படுத்தினார்கள். அந்தச் சொல்லின் வேர் இன்னும் பழையது. 'பொதுவாக வழங்கும் ஆண்டுக்கணக்கு' என்ற பொருள் தரும் லத்தீன் தொடர் 17-ம் நூற்றாண்டில் வானியலாளர் கெப்ளரின் எழுத்திலேயே உண்டு. ஆக, இது நேற்று வந்த 'பொலிட்டிக்கல் கரெக்ட்னெஸ்' இல்லை.

தமிழில் நிலைமை வேறு. கி.பி. என்பதில் 'ஆண்டவர்' கிடையாது. கிறிஸ்துவுக்குப் பின், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் மாற்றம் கோரியவர்களின் வலுவான வாதம் தமிழில் பாதி அளவுதான் பொருந்தும். மீதிப் பாதி, அதாவது ஒரு மதத்தின் மையத்தை உலகத்துக்கே மையமாக வைப்பது ஏன் என்ற கேள்வி, அப்படியே இருக்கிறது. பொ.ஆ. என்று மாற்றினாலும் அது தீராது. பெயர்ப்பலகைதான் மாறுகிறது, எண்ணத் தொடங்கும் இடம் அதேதான். கி.மு. 580-ம் பொ.ஆ.மு. 580-ம் ஒரே வருஷம்.

2018-ல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் பொ.ஆ.மு., பொ.ஆ. வந்தபோது சர்ச்சை எழுந்தது. சில புத்தகங்களில் கி.மு.வும் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் பொ.ஆ.மு.வும் சேர்ந்தே அச்சாகின. தமிழ் விக்கிப்பீடியா இன்னொரு வழியில் போய் 'பொது ஊழி' என்பதைச் சுருக்கி பொ.ஊ. என்று எழுதுகிறது. இணையத்தில் ஆங்காங்கே பொ.ஆ.பி. என்றும் பார்க்கலாம். இது வெறும் குழப்பம். 'பொது ஆண்டுக்குப் பின்' என்றால் பொது ஆண்டு முடிந்த பிறகு என்றல்லவா ஆகிறது? நாம் இன்னும் அதற்குள்ளேதான் இருக்கிறோம். பொ.ஆ. என்று நிறுத்தினால் போதும்.

செய்தித்தளம் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? இப்போதைக்குக் கி.மு., கி.பி. என்பதே சரி. மதம் சார்ந்த காரணத்துக்காக இல்லை, கண் சார்ந்த காரணத்துக்காக. "பொ.ஆ.மு. 300", "பொ.ஆ. 300" இரண்டையும் ஒரு சின்னத் திரையில் வேகமாக ஸ்க்ரோல் செய்து பாருங்கள். கடைசி 'மு.' நழுவினால் அறுநூறு வருஷம் இடம் மாறிவிடும். கி.மு., கி.பி. ஜோடியில் இரண்டுக்கும் ஒரே நீளம். வேறுபடுத்தும் எழுத்து எப்போதும் கண்முன் நிற்கும். அதோடு, தாத்தா முதல் பேத்தி வரை எல்லோருக்கும் விளக்கம் இல்லாமலே புரியும். பாடநூலிலிருந்தோ ஆய்வறிக்கையிலிருந்தோ நேரடியாக மேற்கோள் காட்டும்போது மட்டும் அங்கே உள்ளபடி பொ.ஆ.மு. என்று விட்டுவிடலாம். பொ.ஆ. படித்த தலைமுறையே பெரும்பான்மை ஆகும்போது மாற்றிக்கொள்ளலாம். ஒரே கட்டுரையில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மட்டும் இருக்கக் கூடாது. ஆங்கில விக்கிப்பீடியா இரண்டு முறைகளையும் அனுமதிக்கிறது. ஒரு கட்டுரைக்குள் கலக்க மட்டும் விடுவதில்லை. நல்ல ஏற்பாடு.

ஆங்கிலச் சுருக்கத்தையே தமிழில் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தமிழ்நாட்டில் பி.சி. என்றால் முதலில் நினைவுக்கு வருவது சாதிச் சான்றிதழ்.

பூஜ்யம் இல்லாத கணக்கு

சரி, கணக்குக்கு வருவோம். கி.மு. 1 முடிந்த மறுநாள் கி.பி. 1 தொடங்குகிறது. நடுவில் பூஜ்யம் ஆண்டு கிடையாது. அதனால்தான் கி.மு. ஆண்டோடு இன்றைய ஆண்டைக் கூட்டியபின் ஒன்றைக் கழிக்க வேண்டியிருக்கிறது. இதே காரணத்தால்தான் 21-ம் நூற்றாண்டு 2001 ஜனவரி 1-ல் தொடங்கியது. உலகமே ஒரு வருஷம் முன்னதாக 2000-ல் பட்டாசு வெடித்துவிட்டது, அது தனிக்கதை. வானியலாளர்கள் மட்டும் தங்கள் வசதிக்காகப் பூஜ்யம் ஆண்டு வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய 'மைனஸ் 579'தான் நம்முடைய கி.மு. 580.

ஒரு வருஷப் பிழையால் குடி முழுகிவிடாது. நூற்றாண்டில் தப்பினால்தான் கஷ்டம். கி.மு.வில் எண்கள் தலைகீழாக ஓடும். கி.மு. 6-ம் நூற்றாண்டு என்றால் 600-ல் தொடங்கி 501-ல் முடிவது. ஆகவே கி.மு. 580 என்பது ஆறாம் நூற்றாண்டு, அதுவும் அதன் முற்பகுதி. ஐந்நூற்றுச் சொச்சம்தானே, ஐந்தாம் நூற்றாண்டு என்று எழுதினால் ஒரு நூற்றாண்டு இளமையாகிவிடும்; 80 என்று பார்த்துப் 'பிற்பகுதி' என்று எழுதினால் நூற்றாண்டின் தொடக்கம் கடைசிக்குப் போய்விடும்.

கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 செப்டம்பரில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில், 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிம மாதிரியின் காலம் கி.மு. 580 என்று வந்தது. சங்க காலம் கி.மு. 6-ம் நூற்றாண்டுக்குப் போகிறது என்ற பேச்சு அதிலிருந்து வந்தது. அதற்கு முன் அங்கே முதல் இரண்டு கட்ட அகழாய்வை நடத்தியது மத்தியத் தொல்லியல் துறை. அதைத் தலைமையேற்று நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கையைத் தந்தார். அதில் கீழடியின் காலம் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கி.மு. 8-ம் நூற்றாண்டில் தொடங்கி கி.பி. 3-ம் நூற்றாண்டு வரை. 2025 மே மாதம் அந்தத் துறை அறிக்கையைத் திருத்தித் தரச் சொன்னது. குறிப்பாக, முதல் கட்டத்துக்குத் தந்த கி.மு. 8 முதல் 5-ம் நூற்றாண்டு வரை என்ற காலவரம்புக்குப் போதிய நியாயம் இல்லை என்றது. அவர் தன் முடிவில் மாற்றமில்லை என்று பதில் எழுதினார். அதன் பிறகு நடந்த அரசியல் எல்லோருக்கும் தெரியும்.

இந்தச் செய்தியை எழுதும் ஒருவரிடம் வாசகர் எதிர்பார்ப்பது என்ன? 580 என்பது மாநிலத் துறையின் தேதி, எட்டாம் நூற்றாண்டு என்பது வேறொரு அகழாய்வின் அறிக்கை என்று பிரித்துச் சொல்வது. வரம்பின் இரண்டு முனையிலும் லேபிள் போடுவது. "கி.மு. 8 முதல் 3-ம் நூற்றாண்டு வரை" என்று சுருக்கினால் நடுவில் இருந்த அந்தக் கி.பி. காணாமல் போகும். கீழடியின் ஆயுளில் ஐந்நூறு வருஷம் ஒரு எடிட்டில் போச்சு. ஒரு பக்கம் காலத்தைக் குறைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு, மறுபக்கம் ஏற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு. அந்த நேரத்தில் செய்தியே கைத்தவறாக இரண்டையும் செய்தால், வாசகர் அதைக் கைத்தவறு என்று நினைக்க மாட்டார்.

இங்கே ஆங்கில நடையும் காலை வாரும். ஆங்கிலத்தில் பி.சி.இ. எண்ணுக்குப் பின்னால் வரும், தமிழில் கி.மு. முன்னால். ஏஜென்சி காப்பியை அவசரமாக மொழிபெயர்க்கும்போது வரியின் கடைசியில் இருக்கும் லேபிள்தான் முதலில் விடுபடும். இரண்டாவது எண்ணைச் சுருக்குவதும் ஆகாது. 1914-18 என்றால் சிக்கல் இல்லை. "கி.மு. 340-25" என்றால்? 325 வரையா, 25 வரையா? முழுசாகவே எழுதிவிடலாம், டேட்டா ஒன்றும் அதிகம் செலவாகாது.

கி.பி. பக்கம் இவ்வளவு கவலை தேவையில்லை. லேபிள் இல்லாத ஆண்டு கி.பி. என்றுதான் பொருள் என்கிறது அமெரிக்காவின் ஏ.பி. செய்தி நிறுவனத்தின் நடைக்கையேடு. தமிழிலும் அது பொருந்தும். "கி.பி. 2025" என்று எழுதுவது கல்வெட்டுக்கு அழகு. மூன்று இலக்க ஆண்டுகளுக்கு மட்டும் கி.பி. போடலாம். ராஜராஜன் கி.பி. 985-ல் பட்டமேற்றான், தஞ்சைப் பெரிய கோயில் 1010-ல் நிறைவடைந்தது.

லேப் சொல்லும் பி.பி.

இன்னொரு கண்ணி, பி.பி. ரத்த அழுத்தம் இல்லை. 'பிஃபோர் பிரசன்ட்', இன்றைக்கு முன். கரிமத் தேதியிடல் செய்யும் ஆய்வகங்கள் தரும் அளவு இது. ஆனால் இதில் 'இன்று' என்பது நிஜமான இன்று இல்லை, 1950. அந்த ஆண்டை நிலையாக வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நடந்த அணுகுண்டு சோதனைகள் காற்றில் உள்ள கரிமத்தின் விகிதத்தையே கலைத்துவிட்டன. ஆகவே திருத்தப்பட்ட 3000 பி.பி. என்றால் ஏறத்தாழ கி.மு. 1050. அதை அப்படியே "கி.மு. 3000" என்று போட்டால் கிட்டத்தட்ட 1,950 வருஷம் ஏறிவிடும்.

'திருத்தப்பட்ட' என்ற சொல்லும் முக்கியம். காற்றில் கதிரியக்கக் கரிமத்தின் அளவு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. அதனால் ஆய்வகத்தின் முதல் எண்ணை மர வளையங்கள் போன்றவற்றோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். திருத்தாத எண்ணை 1950-லிருந்து கழித்துக் கி.மு. ஆக்கினால் பல நூறு வருஷம்கூடத் தள்ளிப்போகலாம்.

திருத்திய பிறகும் கிடைப்பது ஒற்றை வருஷம் இல்லை, ஒரு வரம்பு. சிவகளையிலிருந்தே பல தேதிகள் வந்தன, கி.மு. 2953 முதல் கி.மு. 3345 வரை. தலைப்பில் ஏறியது கடைசி எண் மட்டும். தலைப்பில் இடம் குறைவு, அது புரிகிறது. ஆனால் உள்ளே இரண்டாவது பத்தியிலாவது முழு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். கீழடியோ சிவகளையோ, எதிர்ப்பவர்கள் முதலில் கைவைப்பது அந்த ஒற்றை எண்ணின் மேல்தான். வரம்பை முதலிலேயே சொன்ன செய்தியை அவ்வளவு எளிதாக அசைக்க முடியாது.

மற்ற ஆண்டுக்கணக்குகள்

பழங்காலம் எங்கேயோ இருக்கிறது, நமக்கென்ன என்று தோன்றலாம். சொந்த ஊர் நிலத்தின் அடங்கல் நகலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 'பசலி 1434' என்பது போல இருக்கும். தமிழ்நாட்டு வருவாய்த் துறை இன்னும் பசலி ஆண்டில்தான் கணக்கு வைக்கிறது, ஜமாபந்தியும் அதன்படிதான். ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். ஜூலை முதல் டிசம்பர் வரை 590 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் ஜூன் வரை 591. எனவே பசலி 1434 என்பது 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. மனை வாங்கும்போது எந்த வருஷத்துச் சாகுபடிப் பதிவு என்று இந்தக் கணக்கு தெரியாமல் சொல்ல முடியாது.

அரசாணைகளின் தலையில் திருவள்ளுவர் ஆண்டு இருக்கும். தை பிறந்த பிறகு ஆங்கில ஆண்டோடு 31-ஐக் கூட்டினால் போதும், 2025-க்கு 2056. பக்கத்திலேயே விசுவாவசு என்பது போலத் தமிழ் வருடப் பெயரும் இருக்கும். அந்தப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1965 சித்திரையில் தொடங்கியதும் விசுவாவசுதான். பழைய பத்திரம், தாத்தாவின் ஜாதகம், கோயில் கல்வெட்டு எதுவாக இருந்தாலும் வருடப் பெயர் ஒன்றை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்லிவிட முடியாது. கூடவே சக ஆண்டோ கொல்லம் ஆண்டோ இருந்தால்தான் பிடி கிடைக்கும். சக ஆண்டுக்கு ஏறத்தாழ 78, கொல்லம் ஆண்டுக்கு 824 அல்லது 825 கூட்ட வேண்டும். சோழர் கல்வெட்டுகளில் பெரும்பாலும் அதுவும் இருக்காது, மன்னனின் ஆட்சியாண்டு மட்டும் இருக்கும். பெரிய கோயில் விமானத்துக்குச் செப்புக்கலசம் தந்தது ராஜராஜனின் 25-ம் ஆட்சியாண்டில், 275-ம் நாளில். அதை 1010 என்று மாற்றிச் சொல்வது வரலாற்றாசிரியர்களின் வேலை. செய்தியில் மூலத்தில் உள்ள ஆண்டை முதலில் தந்து, மாற்றிய ஆண்டைப் பக்கத்தில் தருவதே நேர்மை. பிற்பாடு யாராவது சரிபார்க்க வேண்டுமென்றால் வழி இருக்கும்.

'ஆண்டுகளுக்கு முன்' என்பதற்குக் காலாவதி தேதி உண்டு

அச்சுப் பத்திரிகை மறுநாள் பழசாகிவிடும். இணையத்தில் அப்படி இல்லை. 2021-ல் சிவகளை நெல்லின் காலம் கி.மு. 1155 என்று அறிவித்தபோது '3,200 ஆண்டுகள் பழமையான பொருநை நாகரிகம்' என்று தலைப்புகள் வந்தன. துல்லியமாகக் கணக்குப் போட்டால் அப்போது 3,175. அதே ஊரின் பெயரில் 2025-ல் '5,300 ஆண்டுகள்' வந்தது. இன்று 'சிவகளை' என்று தேடுபவருக்கு இரண்டு எண்களும் அடுத்தடுத்துத் தெரியும். ஒன்று நெல், ஒன்று இரும்பு என்பது உள்ளே போனால்தான் புரியும். கமென்ட்டில் 'போன தடவை மூவாயிரம், இந்தத் தடவை ஐயாயிரமா?' என்று ஒருவர் கேட்டால், அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே தலைப்பில் 'இத்தனை ஆண்டுகளுக்கு முன்' என்று போட்டாலும், முதல் பத்தியில் கி.மு. ஆண்டு, எந்தப் பொருளின் தேதி, எந்த அறிக்கை என்ற மூன்றும் இருக்க வேண்டும். இது பழைய செய்திகளுக்கும் பொருந்தும். 'கி.மு.' விடுபட்ட ஒரு கட்டுரை கண்ணில் பட்டால், ஓசையில்லாமல் எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் போகக் கூடாது. என்ன இருந்தது, எந்தத் தேதியில் மாற்றப்பட்டது என்று கட்டுரையின் கீழே ஒரு வரி போட வேண்டும். பழைய எண்ணோடு எடுத்த ஸ்கிரீன்ஷாட் ஏற்கெனவே எங்காவது சுற்றிக்கொண்டிருக்கும்.